உயிர் காத்த பின் தோழன்: போர்ஸ்டரின் நாவலை மீண்டும் வாசித்தல்

ஈ. எம். போர்ஸ்டரின் ‘எ பாசேஜ் டு இந்தியா’ நாவலை நான் மூன்று தடவைகள் வாசித்திருக்கிறேன். முதலாவது தடவை பரீட்சைக்காக. ஆளும் இனத்தவனுக்கும் ஆளப்படும் இனத்தவனுக்கும் இடையில் நட்பு சாத்தியமில்லை என்பதே நாவலின் செய்தி என்று குறிப்பெடுத்து, அதையே விடைத்தாளிலும் எழுதி வைத்தேன். இரண்டாவது தடவை, டேவிட் லீன் 1984இல் எடுத்த திரைப்படத்தைப் பார்த்த சூட்டோடு. அப்போது குகையில் என்ன நடந்தது என்ற மர்மமே என்னை இழுத்துச் சென்றது. மூன்றாவது வாசிப்பு அண்மையில் நிகழ்ந்தது. இம்முறை குகை என்னைப் பெரிதாகத் தொடவில்லை. டொக்டர் அஸீஸ் விடுதலையாகி நீதிமன்றத்துக்கு வெளியே வந்த பின்னர் வரும் பக்கங்களிலேதான் நான் தங்கி நின்றேன். வழக்கில் ஒன்றாக நின்று வென்ற இரு நண்பர்கள் வெற்றிக்குப் பிறகு ஏன் பிரிய வேண்டும்? இக்கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

நாவல் 1924இல் வெளிவந்தது. போர்ஸ்டர் 1912-13இலும் 1921இலும் இந்தியாவில் தங்கியிருந்தவர். இரண்டாவது தடவை தேவாஸ் சமஸ்தான மகாராஜாவின் தனிச்செயலாளராகப் பணியாற்றியவர். நாவலின் சந்திராபூர் நகரம் பீகாரின் பாங்கிப்பூரையும், மராபர் குகைகள் கயாவுக்கு வடக்கேயுள்ள பராபர் குகைகளையும் அடியொற்றியவை. கதை பலரும் அறிந்ததே. இளம் முஸ்லிம் மருத்துவரான அஸீஸ், இங்கிலாந்திலிருந்து வந்த மூர் அம்மையாரையும், அவரது மகன் ரொனியை மணம் முடிக்கும் எண்ணத்தோடு வந்த அடெலா குவெஸ்டெட்டையும் குகைகளைக் காட்ட அழைத்துச் செல்கிறான். குகையொன்றினுள் அஸீஸ் தன்னை மானபங்கப்படுத்த முயன்றதாக அடெலா குற்றஞ்சாட்டுகிறாள். வெள்ளையருள் வெளிப்படையாக அஸீஸின் பக்கம் நிற்பவன் அரசினர் கல்லூரி அதிபர் பீல்டிங் ஒருவனே. விசாரணை நாளில், சாட்சிக் கூண்டில் நின்றபடி, அடெலா தன் குற்றச்சாட்டைத் தானே மீளப்பெற்றுக் கொள்கிறாள். நாவலைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இங்கே நிறுத்திக் கொள்கிறார்கள். ஆனால் அதற்குப் பின்னரும் கணிசமான பகுதி எஞ்சியிருக்கிறது. நட்பின் கடினமான பாடம் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

நட்பு பற்றிய கேள்வியை ஆசிரியர் நமக்கு ஒளித்து வைக்கவில்லை. இரண்டாம் அத்தியாயத்திலேயே ஹமீதுல்லாஹ்வின் வீட்டில் அஸீஸும் மஹ்மூத் அலியும் கூடியிருந்து, ஆங்கிலேயனோடு நட்புக் கொள்ள இயலுமா என்று விவாதிக்கிறார்கள். கேம்பிரிட்ஜில் படித்த ஹமீதுல்லாஹ், அங்கே தன்னைச் சொந்தப் பிள்ளைபோல் நடத்திய ஒரு குடும்பத்தை நினைவுகூர்ந்து, அந்நாட்டில் இயலும் என்கிறார். இந்தியாவிலோ புதிதாக வருகின்ற ஆங்கிலேயன் ஓரிரு வருடங்களில் மாறிப்போகிறான் என்பது அவர்களது அனுபவம். அன்றிரவே அஸீஸ் மேலதிகாரியின் அழைப்புக்கு ஓடிப்போய், அவர் வீட்டில் இல்லாமல், தான் வந்த வண்டியையும் இரு வெள்ளைக்காரச் சீமாட்டிகள் எடுத்துச் செல்ல, நடந்தே திரும்புகிறான். மனம் நொந்து பள்ளிவாசலில் அமர்ந்திருக்கும்போது ஓர் ஆங்கில மூதாட்டி நிழலிலிருந்து வெளிப்படுகிறார். சப்பாத்தோடு உள்ளே வந்துவிட்டாள் என்று எண்ணி அவன் கத்துகிறான். அவரோ சப்பாத்தை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். யாரும் பார்க்காத இடத்திலும் அந்த மரியாதையைச் செய்த மூர் அம்மையாரை அக்கணமே அஸீஸின் உள்ளம் ஏற்றுக் கொள்கிறது. இதை நாம் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்; பின்னர் தேவைப்படும்.

பீல்டிங்குடனான நட்பு ஒரு கொலர் பொத்தானில் தொடங்குகிறது. பீல்டிங்கின் பின்கொலர் பொத்தான் உடைந்துவிடுகிறது. அஸீஸ் தன்னிடம் மேலதிகமாக ஒன்று இருப்பதாகப் பொய் சொல்லித் தன் கழுத்திலிருந்ததையே ரகசியமாகக் கழற்றிக் கொடுத்து விடுகிறான். அதன் விளைவை ஆசிரியர் சில பக்கங்கள் தள்ளி வைக்கிறார். நகர நீதவான் ரொனி, அஸீஸின் கொலர் மேலேறி நிற்பதைக் கவனித்து, இந்தியன் என்றால் இப்படித்தான், எவ்வளவு நேர்த்தியாக உடுத்தாலும் ஏதோ ஒன்றில் அசட்டையாயிருப்பான் என்று ஏளனம் செய்கிறான். நண்பனுக்குக் கொடுத்தவனின் கொடை அவனது குறையாக எண்ணப்படுகிறது. ஒரு பொத்தானை வைத்துக்கொண்டு ஒரு சமூகத்தின் பார்வைக் கோளாறு முழுவதையும் காட்டிவிட முடிகிறது என்பது வியப்புத்தான்.

அடுத்த கொடை இன்னும் பெரியது. காய்ச்சலில் படுத்திருக்கும் தன்னைப் பார்க்க வந்த பீல்டிங்குக்கு, அஸீஸ் வபாத்தான தன் மனைவியின் புகைப்படத்தைக் காட்டுகிறான். அவள் பர்தாவில் வாழ்ந்தவள். உயிரோடு இருந்திருந்தால் உன்னைச் சகோதரன் என்று சொல்லி அவளைக் காண விட்டிருப்பேன் என்கிறான். எமது வாசகர்களுக்கு இந்தச் செயலின் எடையை விளக்க வேண்டியதில்லை. வீட்டின் உள்ளறைக் கதவைத் திறந்து விடுவதற்கு ஒப்பானது அது. பீல்டிங் நெகிழ்ந்து போகிறான். ஆனால் பதிலுக்குக் கொடுக்கத் தன்னிடம் ஒன்றுமில்லை என்பதையும் உணர்கிறான். மனைவியில்லை, பிள்ளையில்லை, மறைக்க இரகசியமில்லை. சுமையின்றிப் பயணம் செய்வதே அவனது வாழ்க்கைக் கொள்கை. ஒருவன் தன் முழுப் பாரத்தையும் கொண்டு வந்து மற்றவன் மடியில் வைக்கிறான். மற்றவன் வெறுங்கையோடு அன்பாக இருக்கிறான். இந்த ஏற்றத்தாழ்வு இருவருக்குமே அப்போது புலப்படவில்லை.

அதே புகைப்படம் பின்னர் பொலிஸ் அத்தியட்சகர் மக்பிரைடின் மேசைக்கு வந்து சேர்கிறது. அஸீஸின் வீட்டைச் சோதனையிட்டு அள்ளி வந்த பொருட்களில் அதுவும் ஒன்று. பெண்களின் படம் வைத்திருக்கிறான் என்று அவர் இழுக்க, அது அவனது மனைவி என்கிறான் பீல்டிங். உனக்கெப்படித் தெரியும் என்ற கேள்விக்கு, அவன் சொன்னான் என்பதுதான் பதில். அத்தியட்சகர் நம்பாமல் சிரிக்கிறார். நாவலில் என்னை மிகவும் வருத்திய இடம் இதுவே. சிறையைவிட, கைதைவிட, இந்தச் சிரிப்பு கொடியது. ஒரு நண்பனுக்கு மட்டும் திறந்த கதவை அரசாங்கம் உதைத்துத் திறந்துவிட்டது. அஸீஸ் இழந்தவற்றைக் கணக்கிடும்போது, பின்னால் அவன் கொள்ளும் கசப்பை அளக்கும்போது, இந்தப் புகைப்படத்தையும் சேர்த்துக் கொள்ள வேண்டும்.

கைது நடக்கும் புகையிரத நிலையக் காட்சியிலும் ஒரு சிறு விடயம் உண்டு. பொலிஸார் வந்ததும் அஸீஸ் பயந்து பெட்டியின் மறுபக்கக் கதவால் ஓடப் பார்க்கிறான். பீல்டிங் அவனைப் பிடித்து நிறுத்தி, ஓடினால் குற்றவாளி ஆகிவிடுவாய், நாம் இருவரும் சேர்ந்தே போவோம் என்று தைரியம் கூறிக் கையைக் கோத்து அழைத்து வருகிறான். சில அடிகள் போவதற்குள் கலெக்டர் டேர்ட்டன் பீல்டிங்கைக் கூப்பிட்டு நிறுத்துகிறார். அஸீஸ் தனியாகச் சிறைக்குப் போகிறான். பீல்டிங்கை இதற்காகக் குற்றம் சொல்ல முடியாது. என்றாலும், சேர்ந்து போவோம் என்ற வார்த்தை முதன்முதலாக அங்கே உடைகிறது.

இதற்குப் பின்னர் பீல்டிங் காட்டும் துணிவு சாதாரணமானதல்ல. வெள்ளையர் கழகத்தில் அத்தனை பேரும் கூடி ஆவேசத்தோடு நிற்கும்போது, அஸீஸ் குற்றமற்றவன் என்று நம்புகிறேன் என எழுந்து சொல்கிறான். அவன் குற்றவாளி என்று தீர்ப்பானால் பதவி துறந்து இந்தியாவை விட்டே போவேன், கழகத்திலிருந்து இப்போதே விலகுகிறேன் என்கிறான். ரொனி உள்ளே வந்தபோது அவனுக்கு மரியாதை காட்ட எல்லோரும் எழ, பீல்டிங் மட்டும் அமர்ந்திருக்கிறான். தன் இனம், தன் வர்க்கம், தன் அலுவலகம் அனைத்தையும் ஓர் இந்திய நண்பனுக்காக அவன் எதிர்த்து நிற்கிறான். நட்பின் சோதனை என்று விமரிசகர்கள் எடுத்துக்காட்டுவது இந்தக் காட்சியைத்தான்.

உயிர் காப்பான் தோழன் என்பது நமது பழமொழி. பீல்டிங் அதை நிறைவேற்றியவன். நாவல் அதற்கு அப்பால் போய், உயிர் காத்த பின்னர் தோழன் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறது. அங்கேதான் எனக்கு ஒரு விடயம் தெளிவாயிற்று. பீல்டிங்கின் விசுவாசம் அடிப்படையில் உண்மைக்கும் நீதிக்கும் உரியது. அஸீஸ் எதிர்பார்ப்பது தனக்கென்று, தன் பெயருக்கென்று ஒரு விசுவாசம். வழக்கு நடக்கும்வரை இவ்விரண்டும் ஒரே பாதையில் போகின்றன. ஏனெனில் அநீதி இழைக்கப்பட்டவனே நண்பனாகவும் இருக்கிறான். வழக்கு முடிந்த மறுகணம் பாதை இரண்டாகப் பிரிகிறது.

நீதிமன்ற வாசலில் அது நடக்கிறது. அடெலா உண்மையைச் சொன்னதால் வெள்ளையர் அவளைக் கைவிடுகிறார்கள். வெற்றிக் களிப்பில் கொந்தளிக்கும் கூட்டத்தின் நடுவே அவள் தனித்து நிற்கிறாள். பீல்டிங் அவளைத் தன் வண்டியில் ஏற்றிப் பாதுகாப்பாகக் கல்லூரிக்குக் கொண்டு செல்கிறான். அதே நேரத்தில் அஸீஸ், மயங்கி விழுந்து எழுந்த பலவீனத்தில், கூட்டத்தின் தோள்மீது இருந்தபடி, தன்னை விட்டுப் போக வேண்டாமென்று நண்பனைப் பெயர் சொல்லிக் கூவுகிறான். திரும்பி வருகிறேன் என்கிறான் பீல்டிங். நியாயப்படி அவன் செய்தது சரி. ஆபத்தில் இருந்தவள் அவள். ஆனால் அவமானத்தின் அத்தனை நாட்களுக்கும் பின்னர் வெளிச்சத்துக்கு வந்த மனிதன் தன் பக்கத்தில் தேடிய ஒரே முகம் அங்கே இல்லை. அந்த முகம் தன்மீது பழி சுமத்தியவளோடு போய்விட்டது. நீதியும் நட்பும் ஒரே நேரத்தில் இரு திசைகளில் அழைத்தால் என்ன செய்வது? பீல்டிங் தயங்காமல் நீதியின் பக்கம் போகிறான். அந்தத் தயக்கமின்மைதான் எனக்கு உறுத்துகிறது.

அடுத்தது நட்டஈட்டுப் பிரச்சினை. அஸீஸ் அடெலாவிடம் 20,000 ரூபா கோர எண்ணுகிறான். பீல்டிங் அவளுக்காகப் பரிந்து பேசுகிறான். அவள் துணிந்து உண்மையைச் சொன்னவள், அந்தத் தொகை அவளை நாசமாக்கிவிடும், பெருந்தன்மை காட்டு என்கிறான். இறுதியில் மூர் அம்மையாரின் நினைவைச் சொல்லியே அவனை இணங்க வைக்கிறான். அஸீஸ் வழக்குச் செலவை மாத்திரம் ஏற்றுக்கொண்டு மிகுதியை விட்டுக் கொடுக்கிறான். இப்பகுதியைப் பீல்டிங்கின் உயர்ந்த பண்புக்குச் சான்றாகவே நான் நெடுங்காலம் வாசித்து வந்தேன். இன்று அப்படி வாசிக்க முடியவில்லை. மன்னிப்பதற்கு உரியவன் அநீதி இழைக்கப்பட்டவன் மாத்திரமே. அவன் தானாக மன்னித்தால் அது பெருந்தன்மை. இழப்பு எதையும் அனுபவிக்காத நண்பன் அவனிடம் பெருந்தன்மையைக் கேட்டு வாங்கினால் அதற்கு வேறு பெயர் வேண்டும். அஸீஸின் பெயர் நாறடிக்கப்பட்டது, கடிதங்கள் நீதிமன்றப் பொருட்களாயின, மனைவியின் படம் ஏளனத்துக்குள்ளானது. அந்த 20,000 ரூபா, இதற்கெல்லாம் ஒரு விலை உண்டு என்று அரசாங்கத்துக்கு முன்னால் சொல்வதற்கு அவனிடமிருந்த ஒரே வழி. அதையும் நண்பனே பறித்துக் கொண்டான். பலமுள்ளோர் சமாதானத்தை விரும்பும்போது செலவு எப்போதும் பலமற்றவனின் கணக்கிலேயே எழுதப்படுகிறது என்பது எமக்குப் புதிய செய்தியல்ல.

இந்த நிலத்தில்தான் சந்தேகம் முளைக்கிறது. அடெலா கல்லூரியில் தங்கியிருந்தபோது பீல்டிங்குக்கும் அவளுக்கும் தொடர்பு இருந்தது என்ற வதந்தி ஊரில் பரவுகிறது. அஸீஸ் அதை நேரிலே சொல்லிவிட, பீல்டிங் பொறுமையிழந்து ஓர் இழிசொல்லை வீசி விடுகிறான். சொல் சிறியது. ஆனால் அது வெள்ளையன் வாயிலிருந்து வரும் சொல். பீல்டிங் இங்கிலாந்துக்குப் போனதும், அவளைப் பணத்துக்காக மணம் முடிக்கவே தன்னிடம் நட்டஈட்டை விட்டுக் கொடுக்கச் சொன்னான் என்று அஸீஸின் மனம் கணக்குப் போடுகிறது. கடிதங்கள் வருகின்றன. அவன் அவற்றைப் படிக்காமலே விட்டுவிடுகிறான். இங்கே தவறியவன் அஸீஸ்; அதில் ஐயமில்லை. நண்பனின் கடிதத்தைப் பிரித்து வாசிப்பது நட்பின் குறைந்தபட்சக் கடமை. ஊராரின் வாய்க்குச் செவி கொடுத்தவன், நண்பனின் கையெழுத்துக்குக் கண் கொடுக்கவில்லை.

எனினும் ஆசிரியரோடு நான் முரண்படும் இடமும் இதுவே. கீழைத்தேயத்தவனின் சந்தேகம் அவனது உள்ளத்தில் வளரும் ஒரு நோய் என்ற பாங்கில் போர்ஸ்டர் பொதுமைப்படுத்தி எழுதிச் செல்கிறார். அவர் எழுதிய கதையே அதை மறுக்கிறது. அழைத்த அதிகாரி வீட்டில் இல்லாமல் போனதும், ஏறி வந்த வண்டி பறிபோனதும், கொலர் ஏளனத்துக்கு ஆளானதும், எந்த ஆதாரமுமின்றிக் கைதானதும் அஸீஸின் கற்பனையல்ல. தொடர்ந்து ஏமாற்றப்பட்டவன் கற்றுக்கொண்ட எச்சரிக்கையைப் பிறவிக் குணமாக்குவது நியாயமாகாது. ஆளும் கூட்டமும் கழகத்தில் கூடி ஒரு வதந்தியை ஆராயாமல் நம்பியது. அதை ஆசிரியர் கடுமையாகக் கண்டிக்கிறார். ஆனால் அந்தத் தனிமனிதர்களின் மூடத்தனமாகவே கண்டிக்கிறார். அதே தவறை அஸீஸ் செய்தால் மட்டும் அது ஓர் இனத்தின் குணமாகி விடுகிறது. அஸீஸை இத்தனை அன்போடு படைத்தவரிடமிருந்தே இது வருகிறது என்பதால் குறிப்பிட வேண்டியிருக்கிறது.

மூர் அம்மையாரின் விடயம் இதற்கு எதிர்ப்புறமானது. அஸீஸ் குற்றமற்றவன் என்று அவருக்குத் தெரியும், வாய்விட்டும் சொல்கிறார். ஆனால் சாட்சி சொல்ல முன்வரவில்லை. குகையின் எதிரொலி அவரது உள்ளத்திலிருந்த அனைத்தையும் அழித்துவிட்டிருந்தது. மகன் கப்பலேற்றி அனுப்ப, நடுக்கடலில் மரணமடைகிறார். செயலைக் கொண்டு தீர்ப்பளித்தால் நண்பனைக் கைவிட்டவர் அவரே. என்றாலும் அஸீஸ் இறுதிவரை அவரையே தன் உண்மையான தோழியாகப் போற்றுகிறான். எல்லாம் செய்த பீல்டிங் சந்தேகிக்கப்படுகிறான். எதுவும் செய்யாத மூதாட்டி நேசிக்கப்படுகிறார். இது அநீதி என்றே முன்னர் நினைத்தேன். இப்போது பள்ளிவாசல் வாசலில் கிடந்த அந்தச் சப்பாத்து நினைவுக்கு வருகிறது. அவர் அஸீஸிடம் ஒருபோதும் ஒன்றையும் விட்டுக் கொடுக்கும்படி கேட்டதில்லை. சரி எது, பிழை எது என்று அவனுக்கு எடுத்துச் சொல்லியதில்லை. பீல்டிங்கின் நட்பில் எப்போதும் ஓர் ஆசிரியர் இருந்தார். மூர் அம்மையாரின் நட்பில் மனிதர் மாத்திரமே இருந்தார்.

இரண்டு வருடங்கள் கழித்து, மாவு என்னும் இந்து சமஸ்தானத்தில் அஸீஸ் மருத்துவனாக இருக்கும்போது பீல்டிங் மனைவியோடும் மைத்துனனோடும் வருகிறான். அவன் மணம் முடித்தது அடெலாவை அல்ல, மூர் அம்மையாரின் மகள் ஸ்டெல்லாவை என்பது அப்போதுதான் தெரிய வருகிறது. அஸீஸ் வெட்கப்படுகிறான், வெட்கம் கோபமாகிறது. நீ யாரை மணந்தாலும் எனக்கென்ன என்று சீறுகிறான். பின்னர் மைத்துனன் ரால்ப்பிடம், அவன் மூர் அம்மையாரின் மகன் என்பதற்காகவே, மனம் இளகுகிறான். மனத்தாங்கல் தீர்கிறது. ஆனால் பழைய இடத்துக்கு இருவராலும் போக முடியவில்லை. பீல்டிங் இப்போது சுமையில்லாத பயணியல்ல. குடும்பமும் பதவியும் உண்டு. ஓர் இந்தியனுக்காக முன்னர் செய்ததுபோல் இன்றும் தன் மக்கள் அனைவரையும் எதிர்த்து நிற்பேனா என்று அவனுக்குள்ளேயே கேள்வி எழுகிறது. பதில் இல்லை. அந்தப் பழைய வீரம் இப்போது அவனுக்கு ஒரு ஞாபகச் சின்னம். என் பார்வையில் இந்நாவலின் மிக நேர்மையான தருணம் இது. ஒரு நாள் காட்டிய விசுவாசம் வாழ்நாள் முழுவதற்கும் செல்லுபடியாகும் பத்திரமல்ல. இழப்பதற்கு ஏதும் இல்லாதபோது காட்டியதை, இழப்பதற்கு இருக்கும்போது மீண்டும் புதிதாகக் காட்ட வேண்டியிருக்கிறது.

இருவரும் குதிரையில் கடைசியாகச் சேர்ந்து போகும் காட்சியோடு நாவல் முடிகிறது. ஆங்கிலேயரை விரட்டிய பிறகே நீயும் நானும் நண்பர்களாவோம் என்கிறான் அஸீஸ். இருவருக்கும் விருப்பமிருந்தும் மண்ணும் பாறையும் குதிரைகளும் அவர்களைப் பிரித்துவிடுகின்றன. இன்னும் காலமாகவில்லை என்ற குரலே எங்கும் கேட்கிறது. லீனின் திரைப்படம் இந்த முடிவைச் சமாதானமாக மாற்றிவிட்டது. அது நாவலுக்குச் செய்த நன்மையென்று எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் இந்நூலுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அது முதலாம் அத்தியாயத்துக்கும் முன்னால் இருக்கிறது. நாவல் ஸெய்யித் ரோஸ் மஸூதுக்கும் அவருடனான பதினேழு வருட நட்புக்கும் சமர்ப்பிக்கப்பட்டிருக்கிறது. ஸெர் ஸெய்யித் அஹ்மத் கானின் பேரரான மஸூத், இங்கிலாந்தில் மாணவராக இருந்தபோது, 1906இல், போர்ஸ்டரிடம் லத்தீன் கற்க வந்தவர். பின்னாளில் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்து 1937இல் வபாத்தானார். ஆளும் இனத்தவருக்கும் ஆளப்படும் இனத்தவருக்கும் இடையிலான அந்த நட்பு, அதே சாம்ராச்சியத்தின் கீழேதான் வளர்ந்தது, நிலைக்கவும் செய்தது. ஆகவே கடைசிப் பக்கம் இப்போது இயலாது என்கிறது. சமர்ப்பணப் பக்கம் இயன்றது என்கிறது. இரண்டையும் எழுதியவர் ஒருவரே. பரீட்சை விடைத்தாளில் நான் கடைசிப் பக்கத்தை மட்டும் எழுதிவிட்டு வந்தேன். எத்தனை புள்ளிகள் கிடைத்தன என்பது இப்போது ஞாபகமில்லை. இன்று அதே வினா வந்தால், பிரிக்கப்படாமல் கிடந்த அந்தக் கடிதங்களிலிருந்து எழுதத் தொடங்குவேன்.